பிரசவ அறைக்குத் தெரிந்துகொண்டு போவோம்

1929 டிசம்பர் 12ஆம் நாளிட்ட ‘யங் இந்தியா’ இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த, தீண்டப்படாத சமூகத்துப் பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்த இரண்டாம் நாளே உடம்புக்கு முடியாமல் போனது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிபாரிசுக்கு வந்து, 2 ரூபாய் கட்டணத்துக்கும் உறுதி சொன்ன பிறகு, சேரிக்கு வெளியே தூக்கி வந்தால் பார்ப்பதாகச் சொன்னார். பச்சை உடம்புக்காரியைத் தூக்கி வந்தார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, அதே வழியாகத் திருப்பிக் கொடுத்தார். மருத்துவர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். நோயாளியை ஒருமுறைகூடத் தொடவில்லை. அந்தத் தாய் இறந்துபோனார்.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கடிதத்தைத் தன்னுடைய ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ குறிப்புகளில் சேர்த்திருக்கிறார். இந்தக் கடிதம் வெளியாவதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1928 ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவரும் அவர்தான். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலனுக்கானது என்று வாதாடினார்.

இன்று நிலைமை அப்படி இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. சேரிப் பெண்ணும் ஊர்ப் பெண்ணும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துப் பிள்ளை பெறுகிறார்கள். இடஒதுக்கீட்டில் படித்து வந்த நம் வீட்டுப் பெண்கள் செவிலியராகவும் மருத்துவராகவும் அதே அறையில் நிற்கிறார்கள். இது போராடிப் பெற்ற மாற்றம்.

ஆனாலும் மாசமாக இருக்கும் நம் பெண்களிடம் உட்கார்ந்து பேசினால், வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருப்பது தெரியும். “உள்ள என்ன பண்ணுவாங்களோ, திட்டுவாங்களோ, அடிப்பாங்களோ” என்ற பயம். பெற்றுவிட்டு வந்தவர்களும் உள்ளே நடந்ததைச் சொல்வதில்லை. வெட்கம் தடுக்கிறது. அதனால் ஒவ்வொரு பெண்ணும் தலைப்பிள்ளைக்கு இருட்டுக்குள் நுழைவதுபோல அந்த அறைக்குள் நுழைகிறாள். என்ன நடக்கும், எது மருத்துவ முறை, எது அத்துமீறல் என்று முன்பே தெரிந்தால் பயம் பாதியாகும். கேள்வி கேட்கவும் வாய் வரும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

தீட்டு என்னும் சொல்

பிள்ளை பெறுவதைத் தமிழ் ‘பேறு’ என்கிறது. ‘பெறு’ என்னும் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். அதே தமிழில், பிள்ளை பெற்றபின் போகும் உதிரத்துக்குத் ‘தீட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் கை பட்டாலும் தீட்டு என்றார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயல் அல்ல. தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது, பேறுகாலத் துணியை வெளுப்பது எல்லாம் கிராமத்தில் யார் வேலையாக இருந்தது? மருத்துவர் சமூகத்துப் பெண்கள், வண்ணார், புதிரை வண்ணார் சமூகத்துப் பெண்கள், சேரிப் பெண்கள். உயிரைக் கையில் ஏந்திய முதல் கைகள் அவர்களுடையவை. கூலியாகக் கிடைத்தது கொஞ்சம் தானியமும், ‘தள்ளி நில்’ என்ற சொல்லும்தான்.

இன்றும் பிரசவ அறையின் ரத்தத்தைக் கழுவுகிறவர்கள், குறைந்த சம்பளத்தில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் பெண்கள். பெரும்பாலும் நம் பெண்கள். இதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவோம். பிறப்பின் ரத்தத்தில் எந்தத் தீட்டும் இல்லை. அது உதிரப்போக்கு, அவ்வளவுதான்.

எப்போது கிளம்ப வேண்டும்?

கடைசி மாதத்தில் விட்டுவிட்டு வரும் வலியெல்லாம் பிரசவ வலி அல்ல. கொஞ்சம் நடந்தாலோ, தண்ணீர் குடித்துப் படுத்தாலோ அடங்கிவிட்டால் அது சூட்டு வலி. உண்மையான வலி சீரான இடைவெளியில் வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும், வலி கூடிக்கொண்டே போகும். ரத்தம் கலந்த சளிபோன்ற கசிவு தெரிந்தாலோ, பனிக்குடம் உடைந்து நீர் போனாலோ கிளம்பிவிட வேண்டும்.

வலி வராவிட்டாலும் உடனே போக வேண்டிய நேரங்கள் உண்டு. ரத்தம் கொட்டுவது, கடும் தலைவலி, கண் மங்குவது, வலிப்பு, பச்சை நிறத்தில் நீர் போவது, குழந்தையின் துடிப்பு குறைவது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்கு அழைக்க வேண்டும்.

பையில் தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஆதார் நகல், வங்கிப் புத்தகம், ஸ்கேன் மற்றும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சுத்தமான பருத்திப் புடவைத் துணிகள் இருந்தால் போதும். சாதிச் சான்றிதழைக் காட்டினால்தான் சேர்ப்போம் என்று எங்கும் சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது

சேர்த்தவுடன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சூடு, சிறுநீர் பார்ப்பார்கள். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்து, இதயத் துடிப்பைக் கேட்பார்கள். அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். பிறகு உறை போட்ட விரல்களால் பிறப்புறுப்பு வழியாகக் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பலர் கூசிப்போவதும் பயப்படுவதும் இந்தச் சோதனைக்குத்தான். இது தேவையான சோதனை. ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், திரை போட்டிருக்க வேண்டும். எல்லாம் சீராக இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாணவர்கள் பார்ப்பதாக இருந்தால் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும்.

கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறந்தால்தான் குழந்தை வெளியே வர முடியும். தலைப்பிள்ளைக்கு இதற்கு நேரம் பிடிக்கும். 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வலி வேகம் எடுக்கும் என்றும், அங்கிருந்து முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே “காலையிலே சேர்த்தோம், இன்னும் ஆகலையே” என்று வெளியே நிற்கிற மாமியாரும் அம்மாவும் பதறத் தேவையில்லை. ஆனால் இந்த நேரம் முழுக்க ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வலி, ரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பு எல்லாவற்றையும் ஒரு வரைபடத் தாளில் குறித்து வருவார்கள். அந்தத் தாள் காலியாகக் கிடந்தால் கவனிப்பும் அப்படித்தான் இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கட்டத்தில் மல்லாந்தே படுத்திருக்க வேண்டியதில்லை. நடக்கலாம், உட்காரலாம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். சிக்கல் இல்லாதவர்கள் தண்ணீரோ கஞ்சியோ குடிக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழிப்பது நல்லது. எனிமா கொடுப்பதும், முடி முழுவதையும் மழிப்பதும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. வலியைக் கூட்ட ‘வலி ஊசி’ என்ற ஆக்சிடோசின் மருந்தைச் சொட்டு மருந்தாக ஏற்றினால், எதற்கு என்று கேளுங்கள். தேவைப்படும்போது அது நல்ல மருந்துதான். அவசரத்துக்காக ஏற்றினால் குழந்தைக்கு மூச்சு முட்டும்.

கருப்பை வாய் முழுதும் திறந்ததும் தானாகவே முக்கத் தோன்றும். அப்போது மலம் வரலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அறையில் தினமும் நடப்பது அது. செவிலியர் சொல்லும்போது முக்கவும், சொல்லும்போது மூச்சை விடவும் வேண்டும். கத்த வேண்டும்போல் இருந்தால் கத்தலாம். யாராவது வயிற்றின் மேல் ஏறி அழுத்துவதோ, முழங்கையால் அமுக்குவதோ மருத்துவ முறை அல்ல. உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

வழி போதாதபோது பிறப்புறுப்பின் ஓரத்தில் சிறிதாகக் கத்தரிப்பார்கள். இதுவும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டியதல்ல. கத்தரிக்கும் முன்பும் தையல் போடும் முன்பும் மரத்துப்போக ஊசி போட வேண்டும். “வலியோட வலியா தாங்கிக்கோ” என்பது பதில் ஆகாது. சேரிப் பெண்ணுக்கு உடம்பு உரம், தாங்குவாள் என்ற நினைப்பு சிலரிடம் இருக்கிறது. நாற்று நட்ட கை, செங்கல் சுமந்த தலை என்பதால் ஊசியில்லாத தையல் வலிக்காமல் போய்விடாது.

குழந்தை வந்தவுடன்

குழந்தையைத் துடைத்துத் தாயின் வயிற்றின்மேல் போடுவார்கள். அந்தத் தோல் சூடு குழந்தைக்கு மருந்து. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் விட்டு வெட்டினால், குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் போய்ச் சேரும். ரத்தசோகை உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது பெரிய வரவு. குழந்தை அழாவிட்டால் பக்கத்திலுள்ள சூடேற்றும் மேசையில் வைத்து மூச்சு கொடுப்பார்கள். அந்த முதல் நிமிடம் மிக முக்கியம்.

குழந்தையை உங்களிடம் காட்டி, கையிலோ காலிலோ அடையாளப் பட்டை கட்டி, எடை பார்ப்பார்கள். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் கூடுதல் கவனிப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் எதுவும் வேண்டாம். வைட்டமின் கே ஊசி போடுவார்கள். பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாம் மருத்துவமனையிலேயே இலவசம். ஹெபடைடிஸ் பி 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.

குழந்தை வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்கிற அந்த நேரம்தான் தாய்க்கு ஆபத்தான நேரம். நஞ்சுக்கொடி வெளியேற வேண்டும், கருப்பை சுருங்க வேண்டும். அதற்காகக் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் ஊசி போடுவார்கள். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டு, உதிரப்போக்கைப் பார்க்க வேண்டும். வயிற்றை அமுக்கும்போது வலிக்கும். குளிர் நடுக்கமும் வரும், அது இயல்பு. ஆனால் துணி நனைந்துகொண்டே போனாலோ, தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்கள். இந்தியாவில் தாய்மார் இறப்புக்கு முதன்மைக் காரணம் இந்த உதிரப்போக்குதான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே இருந்தால் கடுமையான ரத்தசோகை. மற்றவர் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கை இவர்கள் தாங்க முடியாது. எனவே பிரசவ அறைக்கான தயாரிப்பு நான்காம் மாதத்திலேயே, கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் தொடங்குகிறது. மாத்திரையைக் கூரையில் செருகி வைப்பதை நிறுத்துவோம்.

அறுவை என்றால்

தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை மூலம் நடப்பதாக அதே ஐந்தாம் சுற்று ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய இரண்டில் ஒன்று. குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ, தலை இறங்காவிட்டாலோ, நஞ்சுக்கொடி வாயை மறைத்திருந்தாலோ அறுவை உயிர் காக்கும். பயந்து மறுக்கக் கூடாது. ஆனால் காரணத்தை உங்களுக்குப் புரியும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து கேட்க வேண்டும். பொதுவாக முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், நினைவு இருக்கும்.

அதே கையெழுத்தோடு கருத்தடை அறுவையோ, காப்பர்-டி பொருத்துவதோ சேர்த்து நடந்துவிடக் கூடாது. இரண்டும் நல்ல வழிகள்தாம், ஆனால் முடிவு எடுக்க வேண்டியவள் அந்தப் பெண். வலியில் துடிக்கும்போது கேட்ட சம்மதம் சம்மதம் அல்ல. “உங்க ஆளுங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது” என்று சொல்லிவிட்டுப் பொருத்துவது குற்றம். எதைப் பொருத்தினார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று படித்த பிள்ளை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணைக்கு ஒருத்தி

பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையாக இருக்கலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2016இல் அறிவுறுத்தியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதற்கு முன்பே இந்த நடைமுறை உண்டு. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்ணாக, தொற்று நோய் இல்லாதவராக, சுத்தமான உடையில், மருத்துவத்தில் குறுக்கிடாதவராக இருக்க வேண்டும். முதுகைத் தடவ, தண்ணீர் கொடுக்க, “இன்னும் கொஞ்சந்தான் கண்ணு” என்று சொல்ல ஒருத்தி இருந்தால் வலி தாங்கும். கூடவே இன்னொரு பயனும் உண்டு. சாட்சி ஒருத்தி நிற்கும் இடத்தில் வாய் நீளாது, கையும் நீளாது.

“அப்ப இனிச்சுதா, இப்ப கசக்குதா” என்ற ஏச்சைக் கேட்காத பெண்கள் நம்மில் குறைவு. தொடையில் அறை வாங்கியவர்களும் உண்டு. ஒரே செவிலியர் நான்கு பெண்களைப் பார்க்க வேண்டிய இரவுகள் இருக்கின்றன. அவர்கள் களைப்பும் உண்மைதான். அதற்கு ஆள் போடக் கேட்டு அரசோடு போராட வேண்டும். சேரிப் பெண்ணின் தொடையில் அடிப்பது அதற்குத் தீர்வல்ல. விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற செவிலியர்களையும் நம் பெண்கள் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள். அதே சம்பளம், அதே களைப்பு, ஆனால் வேறு மனசு.

காசும் உரிமையும்

2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் அறுவைக்கு 7 நாளும் உணவு உண்டு. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினாலும், வீடு திரும்பினாலும் வாகனம் இலவசம். ஜனனி சுரக்ஷா திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் கிராமப்புறத்தில் 700 ரூபாயும் நகர்ப்புறத்தில் 600 ரூபாயும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பு. பிக்மி எண் இல்லாமல் இது வராது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்கள் போகும் இடத்திலாவது பதிந்துகொள்ள வேண்டும்.

ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று குழந்தையைக் காட்டக் காசு கேட்பது எந்த விதியிலும் இல்லை. கேட்பவர் நம்மைப் போல ஏழையாகவே இருக்கலாம். அவருக்கு நியாயமான சம்பளத்தை அரசிடம் சேர்ந்து கேட்போம். கொடுக்க வேண்டியது பிள்ளை பெற்றவளின் முந்தானை முடிச்சு அல்ல.

சாதி சொல்லித் திட்டினால், தொட மறுத்தால், சேர்க்க மறுத்தால் அது வெறும் மருத்துவமனைப் பிரச்சினை அல்ல. மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் குற்றம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழையத் தடுப்பதை வெளிப்படையாகவே குற்றமாக்கியிருக்கிறது. பொது இடத்தில் பிறர் அறியச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் அதே சட்டத்தில் குற்றம். இந்த வழக்குகளைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். வன்கொடுமை உதவி எண் 14566.

மற்ற குறைகளுக்கு 104, முதல்வரின் உதவி மைய எண் 1100 இருக்கின்றன. எழுதிக் கொடுப்பதானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாவட்ட சுகாதார அலுவலர், தாலுகா மருத்துவமனைக்கு நலப்பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல்வர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். நாள், நேரம், பணியில் இருந்தவர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். பேறுகால உடம்போடு அந்தப் பெண் அலைய வேண்டாம், குடும்பமும் மன்றமும் அலையட்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் காலனிகளில் அம்பேத்கர் மன்றம் இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. ஏப்ரல் 14க்கு மாலை போடவும், கடன் தவணை கட்டவும் மட்டும் அவை கூட வேண்டுமா? மாதம் ஒருநாள் கர்ப்பிணிப் பெண்களின் பட்டியலைச் சுவரில் எழுதுங்கள். யாருக்கு எப்போது தேதி, ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த வகை என்ன, அதே வகை ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள், இரவில் வண்டி யாருடையது, துணைக்கு உள்ளே போகிற பெண் யார் என்ற ஆறு விவரம் போதும். கிராம சுகாதார செவிலியரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் பிரசவ அறையை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். முன்பே பார்த்த அறை அவ்வளவாகப் பயமுறுத்தாது.

ஆண்களுக்கும் ஒரு சொல். சுகப்பிரசவமானால் 48 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். “வேலை கெட்டுப்போகுது, கேட்டு வாங்கிட்டு வா” என்று அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோ, நாற்றமடிக்கும் கசிவோ, அதிக உதிரப்போக்கோ இருந்தால் திரும்பவும் கூட்டிப் போங்கள். 42 நாள் வரை அவள் பேறுகாலத்தில்தான் இருக்கிறாள். ஓரத்துத் திண்ணையில் தனித் தட்டு கொடுத்து உட்கார வைக்காமல் முட்டையும் கீரையும் பருப்பும் கொடுங்கள். ஊரார் நமக்குச் செய்த தீட்டை நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் செய்யக் கூடாது.

இந்தப் பக்கத்தை எடுத்து வைத்து, உங்கள் தெருவில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளுடைய மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.